அண்ணாவியாரின் கொப்பிகளைத் தேடித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வீடொன்று எரிந்த செய்தியை அண்மையில் மூன்று வரியில் போட்டிருந்தீர்கள். வீடு முற்றாகச் சேதம், உயிர்ச்சேதம் இல்லை, மின்கசிவு காரணமாக இருக்கலாம். எல்லாம் சரிதான். எரிந்தது கூத்துப் பழக்கி ஆட்டுவிக்கும் ஒரு அண்ணாவியாரின் வீடு என்பதையும், அவர் கூத்துக்குரிய முடியும் (கிரீடமும்) உடுப்பும் செய்த கொட்டிலும் சேர்ந்தே போனது என்பதையும் நான் எழுதுகிறேன். அவருக்கு விளம்பரம் பிடிக்காது, ஆகவே பெயரும் ஊரும் வேண்டாம்.

வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் கிடுகுக் கூரை பற்றினால் எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து வந்தது. 2014இல் பாலம் திறக்க முந்திய காலமென்றால் பாதை (வாகனம் ஏற்றும் மிதவை) வரும்வரை துறையில் நின்றிருக்கும். வந்த வண்டிக்கும் அணைக்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அரசனுக்குப் போடும், கூடுபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்புகள், கடதாசி ஒட்டிக் காயவைத்துக் கண்ணாடித் துண்டு பதித்த முடிகள், சதங்கைகள், மத்தளம் எல்லாம் அந்தக் கொட்டிலில்தான் இருந்தன. உடுப்பைத் திரும்பத் தைக்கலாம். கரப்புக் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசு சேர்ந்தால் மத்தளமும் வரும். தகரப் பெட்டிக்குள் இருந்த, கூத்துப் பாட்டும் வசனமும் எழுதிய கொப்பிகளுக்குத்தான் வழி தெரியவில்லை. 1978 சூறாவளியில் கூரை பறந்தபோதும் அவை தப்பின. 2007இல் போரால் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர் அவர்.

பெட்டியைத் திறந்தபோது நானும் நின்றேன். ஓரங்கள் கருகியிருந்தன, நடுவில் எழுத்து இருந்தது. தீயை விடத் தண்ணீர்தான் கூடக் கெடுத்திருந்தது. மைப்பேனையால் எழுதிய பழைய கொப்பிகள் வெறும் நீலக் கறையாகிவிட்டன. பிற்காலத்தில் குமிழ்முனைப் பேனையால் எழுதியவற்றை வாசிக்க முடிந்தது. ஆனால் யாரோ நல்லெண்ணத்தில் அவற்றைக் கொதிக்கிற வெயிலில் பரப்ப, தாள்கள் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நனைந்த கொப்பியை நிழலில், காற்றுப்படும் இடத்தில், பக்கங்களுக்கு இடையில் வெறுந்தாள் வைத்துத்தான் காயவிட வேண்டும். உடனே முடியாவிட்டால் பொலித்தீன் பையில் போட்டு பிரீசரில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது, ஆறுதலாக எடுத்துப் பார்க்கலாம்.

நட்டஈட்டுக்கு ஒரு படிவம் தந்தார்கள். கட்டில், அலுமாரி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. மத்தளத்தை எதற்குள் எழுதுவது என்று கேட்டேன். “ஏனையவை” என்றார் அலுவலர். கொப்பிகளுக்கு எவ்வளவு பெறுமதி போடுவது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒரு குழுவினர் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப் போவதாகச் சொல்லி வந்தார்கள். மாற்றி உடுக்க இரண்டு சாரம்தான் இருக்கிற மனிதருக்குப் பொன்னாடை! ஊர்ச் சனம் அப்படியில்லை, அரிசி, சட்டி பானை, சீலை என்று அள்ளிக் கொடுத்தது. அதற்குக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் மனுசன் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: “மாஸ்டர், உடுப்புத் தாறாங்க, சாமான் தாறாங்க. என்ட கொப்பிய ஆரு தாறது?”

இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்காகத்தான். கூத்துப் பழக்கத் தொடங்கும்போது சட்டம் கொடுப்பார்கள் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். முழுப் பிரதி அண்ணாவியாரிடம் இருக்கும், ஆட வருகிறவனுக்கு அவனுடைய பாட்டும் வசனமும் தனியே எழுதிக் கொடுபடும். முன்பு ஓலையில், பிறகு கொப்பித் தாளில். அப்படியென்றால் எரிந்துபோன கூத்துகள் துண்டு துண்டாகப் பல வீடுகளில் இருக்கின்றன. அருச்சுனனுக்கு ஆடியவர் வீட்டில் அருச்சுனன், கட்டியகாரனுக்கு ஆடியவர் வீட்டில் கட்டியகாரன். ஆடியவர் இறந்திருந்தாலும் அவருடைய பெட்டியில், சாமியறை இறாக்கையில், பழைய பாடப்புத்தகக் கட்டுக்குள் கிடக்கலாம். தயவு செய்து பாருங்கள். குப்பையென்று நெருப்பில் போட்டுவிடாதீர்கள்.

கிடைத்தால் மூலத்தைத் தர வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்துத் தந்தால் போதும். எந்த ஊர்க் களரியில் (கூத்தாடும் களத்தில்), யார் எந்த வேசத்துக்கு ஆடியது என்றும் எழுதிவிடுங்கள். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் சில கூத்துப் பிரதிகளை அச்சுக்குக் கொண்டுவந்தார், ஆனால் கொப்பியிலேயே நின்றுபோனவைதான் அதிகம். கல்லடியில் விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனமும் 2005 முதல் இயங்குகிறது. இருக்கிற அண்ணாவிமாரின் பெட்டிகளையாவது தீயும் கறையானும் தொட முன்னர் இவர்கள் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தால் என்ன? அண்ணாவியார் கொப்பியைக் கைவிட்டுக் கொடுக்கத் தயங்குவார், அது நியாயமான தயக்கம். படமெடுக்கிறவர்கள்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவர் இப்போது மகளின் வீட்டு விறாந்தையில் இருக்கிறார். அவரிடம் பழகிய கிழவர்கள் சிலர் பின்னேரங்களில் வருகிறார்கள். நிவாரணமாகக் கிடைத்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டு அண்ணாவியார் தொடங்குவார், அவரவர் தங்கள் பாட்டைப் பாடுவார்கள், பேத்தி எழுதிக்கொள்வாள். வரி தவறினால் அவருக்குக் கோபம் வந்துவிடும், அன்றைக்கு அவ்வளவுதான். தருமருக்கு ஆடியவர் உயிரோடு இல்லை. அதனால் தருமர் வருகிற இடங்களெல்லாம் பேத்தியின் கொப்பியில் வெறுமையாகக் கிடக்கின்றன.

சட்டக் கொப்பி வைத்திருக்கிறவர்கள் அதன் படங்களை உங்கள் பத்திரிகையின் மட்டக்களப்புச் செய்தியாளரிடம் கொடுத்தால், நான் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பேன். இதற்குத் தாங்கள் இடமளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மட்டக்களப்பு.