பதிப்பு எண்ணைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரல் பார்க்க லட்சணமாக இருக்கிறது, ஓடவிட்டால் விழுந்துவிடுகிறது என்று புலம்பாத நிரலாளர் குறைவு. பெரும்பாலும் கோளாறு கேட்கும் விதத்தில்தான்.

பைத்தான் மொழியில் தரவைச் சரிபார்க்க உதவும் பைடான்டிக் (Pydantic) நூலகத்தைப் பாருங்கள். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தரவை அகராதி வடிவில் தரும் 'டிக்ட்' (dict) இருந்த இடத்துக்கு 'மாடல்_டம்ப்' (model_dump) வந்தது. நிரலின் அமைப்புகளைப் படிக்க உதவும் 'பேஸ்செட்டிங்ஸ்' (BaseSettings) தனித் தொகுப்புக்குப் போனது. பழைய பாணி நிரல் இணையத்தில் குவிந்து கிடக்கிறது. அதைப் படித்துப் பழகிய உதவிக் கருவியும் கேட்டதும் அதையே எழுதும். 'டிக்ட்' ஓர் எச்சரிக்கையோடு ஓடிவிடும், 'பேஸ்செட்டிங்ஸ்' அதை உள்ளே கொண்டுவரும் இம்போர்ட் வரியிலேயே நின்றுவிடும். முன்னதுதான் ஆபத்து, யார் கண்ணிலும் படாது. திட்டம் பயன்படுத்தும் நூலகங்களைப் பட்டியலிடும் சார்புக் கோப்பிலிருந்து பதிப்பு எண் உள்ள நான்கைந்து வரிகளைக் கேள்வியோடு ஒட்டினாலே இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

தினமும் ஒட்டச் சலிப்பாக இருந்தால் திட்டத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் 'ஏஜென்ட்ஸ்.எம்டி' (AGENTS.md) என்று ஒரு கோப்பு வைக்கலாம். பல கருவிகள் அதைத் தாமாகவே படிக்கும். பதிப்புகள், டெஸ்ட் ஓட்டும் கட்டளை, தொடக்கூடாத ஃபோல்டர்கள் இவை போதும். 'தரமான நிரல் எழுது' என்பதெல்லாம் இட விரயம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வோர் உரையாடலிலும் அது முழுவதும் ஏறி, கருவியின் நினைவில் இடம் பிடிக்கும். மொத்தத் திட்டத்தையும் கொட்டுவதும் இதே தப்பு.

புதிதாக ஓர் ஏபிஐ (பிற நிரல்கள் நம் நிரலை அழைக்கும் வழி) வேண்டுமா? பத்து வரி விளக்கத்தைவிட, ஏற்கெனவே உள்ள ஏபிஐ ஒன்றின் கோப்பையும் அதன் டெஸ்ட்டையும் தந்து 'இதே மாதிரி' என்பது மேல். தரவுத்தளம் சம்பந்தப்பட்டால் அந்த அட்டவணையை உருவாக்கும் 'கிரியேட் டேபிள்' வரிகளும் வேண்டும். இல்லாவிட்டால் அட்டவணையின் நெடுவரிசைப் பெயர்களைக் கருவியே கற்பனை செய்துகொள்ளும்.

எரர் வந்தால் கடைசி வரியை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். என்ன பிழை என்பது அங்கே இருக்கும். உங்கள் நிரலில் எந்த வரி என்பது மேலே இருக்கும். மூன்று முறை திருத்தியும் சரிவராவிட்டால் புது உரையாடல் தொடங்குங்கள். கைவிட்ட முயற்சிகள் பழையதில் கிடந்து குழப்பும்.

கடவுச்சொல், சாவி போன்ற ரகசியங்கள் இருக்கும் '.என்வ்' (.env) கோப்பை மட்டும் ஒட்டவே கூடாது. தவறி ஏபிஐ சாவி போய்விட்டால் உரையாடலை அழித்துப் பயனில்லை. சாவியை ரத்து செய்து புதியது எடுக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்