சளிக்கு எதுக்கு அமோக்சிசிலின்?

ஆசிரியருக்கு வணக்கம். செங்கோட்டைப் பக்கம் மூக்கு ஒழுகுனாலே மெடிக்கல்ல சீட்டு இல்லாம ரெண்டு அமோக்சிசிலின் வாங்கிப் போட்டுக்கிறாங்க, இந்த பென்சிலின் வகை மருந்து பாக்டீரியா தன்னைச் சுத்திச் செல் சுவர் கட்டுறதைத்தான் தடுக்கும், சுவர் இளகி அது வெடிச்சுச் செத்துடும், நம்ம செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது, சளி வைரசுக்கும் கிடையாது, அப்புறம் அங்க போய் எதைத் தடுக்கும்? சில பாக்டீரியா மருந்தையே உடைக்கிற என்சைம் வச்சிருக்கும், அந்த என்சைமை முடக்கத்தான் கிளாவுலானிக் ஆசிட்னு இன்னொரு மருந்தைச் சேர்த்துத் தர்றாங்க. பென்சிலின் அலர்ஜி இருந்தா உயிருக்கே ஆபத்தாகலாம், கடையில யாரு கேக்குறா! புளியரை தாண்டுனா கேரளாவுல 2024-லயே ஆபரேஷன் அம்ரித்னு சீட்டு இல்லாம விக்கிற கடைகள்ல சோதனை ஆரம்பிச்சாச்சு. நம்ம பக்கமும் அதிகாரிங்க கொஞ்சம் எட்டிப் பாக்கணும்.

- ஒரு வாசகர், செங்கோட்டை