கேரல் பவனியைக் கிறிஸ்துமஸ் முடிந்து வையுங்கள்: வேலூர் மறைமாவட்டப் பங்குப் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மறைமாவட்டத்தின் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் வழிபாட்டுக் குழுவினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

டிசம்பர் மாத நிகழ்ச்சிகளை நீங்கள் முடிவு செய்யும் முன்பு ஒரு விண்ணப்பத்தை உங்கள் முன் வைக்கிறேன். கேரல் பவனியை டிசம்பர் 25-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் மாலை வேளைகளை மாதாவுக்கும் செபமாலைக்கும் விட்டுக்கொடுங்கள்.

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று பீடத்தில் ஊதாத் துணி விரிக்கிறோம், குருவானவர் ஊதா உடை அணிகிறார், 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதை நிறுத்திவிடுகிறோம், மலர்வளையத்தில் ஒரே ஒரு மெழுகுதிரியை ஏற்றுகிறோம். அதே வாரத்தில் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் டிரம் முழங்க, கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிவர, மீட்பர் பிறந்துவிட்டார் என்று வீடு வீடாகப் பாடிச் செல்கிறோம். கோவிலுக்குள் ஒரு காலமும் தெருவில் இன்னொரு காலமுமாக ஒரே பங்கு நடந்துகொள்கிறது. மாதாவுக்கு இன்னும் மாதம் நிறையவில்லை, நாமோ தொட்டில் கட்டித் தாலாட்டையும் பாடி முடித்துவிடுகிறோம். 25-ஆம் தேதி விடியும்போது இளையோருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கிறிஸ்துமஸ் காலம் நீடிக்கிறது என்று திருவழிபாட்டு நாட்காட்டி சொன்னாலும், புத்தாண்டுத் திருப்பலி முடிந்த கையோடு வாசலில் கட்டிய நட்சத்திரத்தை அவிழ்த்துவிடுகிறோம்.

இதில் ஊதா நிறத்தின் ஒழுங்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மாதாவுக்கே உரிய காலத்தை மாதாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான். 1974 பிப்ரவரி 2 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் மரியா வணக்கம் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், ஆண்டவரின் தாய்க்கு வணக்கம் செலுத்த மிகவும் தகுந்த காலமாகத் திருவருகைக் காலத்தைக் குறிப்பிடுகிறார். வாசக நூலைப் புரட்டினாலே அதற்கான காரணம் விளங்கும். டிசம்பர் 8, மரியா பாவ மாசின்றி உருவானதைக் கொண்டாடும் அமல உற்பவப் பெருவிழா. டிசம்பர் 20-ஆம் நாள் நற்செய்தியில் வானதூதர் மரியாவிடம் வருகிறார், 21-இல் மரியா எலிசபெத்தைத் தேடி விரைகிறார், 22-இல் 'ஆண்டவரை எனது உள்ளம் போற்றிப் பெருமைப்படுத்துகின்றது' என்ற அவருடைய பாடல் ஒலிக்கிறது. 17 முதல் 23 வரை மாலைப் புகழ் என்னும் மாலைச் செபத்தில் 'ஓ ஞானமே' முதலான ஏழு பழைமையான முன்மொழிகளையும் (பாடலுக்கு முன் வரும் சிறு வரிகள்) திருச்சபை அந்தப் பாடலுக்கு முன்தான் வைத்திருக்கிறது. பக்தி முயற்சிகள் திருவழிபாட்டுக் காலங்களோடு இசைந்து அமைய வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கேட்டுக்கொண்டதை, இந்த ஒரு மாதத்திலாவது நாம் செயலில் காட்டலாம்.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த நம் அன்பியங்களுக்கு இது புதிய வேலை அல்ல. செபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிறது. இரவு எட்டு மணிக்குச் செருப்புகள் வாசலை அடைத்துக்கொண்டிருக்க, ஆம்பூர்த் தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வந்தவர் சாப்பிடாமலேயே கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்லி முடிக்கிறார். நவம்பர் பிறந்ததும் சுரூபம் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பிவிடுகிறது. திருவழிபாட்டு ஆண்டு மாதாவை நோக்கித் திரும்பும் வேளையில் அதை ஏன் உள்ளே பூட்டி வைக்க வேண்டும்? டிசம்பரிலும் அந்தச் சுரூபம் புறப்படட்டும். செபமாலையின் மகிழ்ச்சி நிறை மறையுண்மைகளில் முதல் இரண்டையாவது, அதாவது வானதூதரின் வருகையையும் எலிசபெத்தைச் சந்தித்ததையும், குடும்பங்கள் அவசரமில்லாமல் தியானிக்கட்டும். மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை மரியாவும் யோசேப்பும் தங்க இடம் கேட்டு வீடு வீடாகச் செல்வதை மக்கள் நடித்துக் காட்டுகிறார்கள், பிலிப்பைன்ஸ் மக்கள் அதே நாள்களில் விடியற்காலைத் திருப்பலிக்குத் திரள்கிறார்கள். அதே வாக்கில்தான் நம் தெருக்களில் மார்கழி பிறக்கிறது. இருட்டோடு எழுந்து கோலமிடும் பக்கத்து வீட்டாரைப் பார்த்தாவது, அதிகாலை ஐந்து மணித் திருப்பலி நம் ஊருக்குக் கடினம் என்று சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக் குடிலையும் இந்தக் காலத்துக்கு ஏற்பக் கட்டலாம். கொட்டாங்கச்சியில் மண் நிரப்பிக் கேழ்வரகைத் தூவி, நாள்தோறும் இரு கை நீர் தெளித்தால், பத்து நாளில் குடிலுக்கு வேண்டிய பசும்புல் தயார். இந்தப் பொறுப்பைக் குழந்தைகளிடம் கொடுங்கள். தீவனத் தொட்டியை மட்டும் 24-ஆம் தேதி இரவு வரை காலியாக விடச் சொல்லுங்கள். பாலன் எங்கே என்று குழந்தை கேட்கும்போது, அதற்குப் பதில் சொல்வதே ஒரு மறைக்கல்வி வகுப்பு.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். கேரல் காணிக்கை ஏழைகளுக்கான புத்தாடைக்கும் குடில் செலவுக்கும் போகிறது, 25-க்குப் பிறகு யார் கொடுப்பார்கள் என்பார்கள். புத்தாடைக்கு மட்டும் திருவருகைக் கால ஞாயிறுகளில் தனிக் காணிக்கை எடுத்துவிடலாம், மற்றவை சற்றுப் பொறுக்கும். சி.எஸ்.ஐ. சபையார் முந்திக்கொள்வார்கள் என்பது ஒரு காரணமாகவே எனக்குப் படவில்லை; அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. தேதியைப் பார்த்தால் கணக்கு நம் பக்கம்தான் சாய்கிறது. டிசம்பர் நடுவில் மாணவர்களுக்கு அரையாண்டுத் தேர்வு. இரவு பதினோரு மணி வரை அவர்களை ஊர் சுற்றவைத்துவிட்டு, மதிப்பெண் குறைந்த பிறகு பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? கிறிஸ்துமஸை ஒட்டி விடுமுறை தொடங்கிவிடுகிறது. 26 முதல், ஜனவரித் தொடக்கத்தில் ஞானிகள் பாலனைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா வரை, பிறந்த பாலனின் சுரூபத்தைக் கையில் ஏந்தி, பிறந்துவிட்டார் என்று உண்மையாகவே பாடிப் போகலாம். இடையில் வரும் ஜனவரி 1, மரியா கடவுளின் தாய் என்ற பெருவிழா. அன்றைய பவனியை மாதாவின் குகைக் கோவிலான கெபியிலிருந்தே தொடங்கலாம்.

நம் பேராலயம் விண்ணேற்பு அன்னையின் பெயரில் நிற்கிறது. வட ஆற்காட்டுப் பணித்தளத்தில் உழைத்த தாராஸ் அடிகளாரின் சேத்துப்பட்டு, லூர்து மாதாவின் பெயரைச் சொல்லி வளர்ந்த ஊர். மாதா பக்தியைப் பற்றி நமக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தேதியைத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாப் பங்குகளும் ஒரே ஆண்டில் மாறிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விருப்பமுள்ள இரண்டு மூன்று பங்குகள் வரும் டிசம்பரில் செய்து பார்க்கட்டும். நவம்பர்ப் பேரவைக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுக்கும்போது இளையோர் குழுவினரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். டிரம் வாடகைக்கு முன்பணம் கொடுப்பவர்கள் அவர்கள்தான், அதையும் பெரும்பாலும் நவம்பரிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
வேலூர் மறைமாவட்டப் பொதுநிலையினர் ஒருவர்