செக்ரட்டரி ஃபைலையும் சேர்த்தே காப்பாற்றுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மறைந்த சங்கீத வித்வான்களின் வீடுகளில் கிடக்கும் நோட்டுகளையும் புகைப்படங்களையும் பாதுகாப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை அவசியமானது. அதில் ஒரு வகைத் தாள் மட்டும் விட்டுப்போயிற்று. மேடையில் பாடிக்கொண்டிருந்தவரே பிற்காலத்தில் சபா செக்ரட்டரியாகவோ இசைக் கல்லூரி முதல்வராகவோ ரேடியோவிலோ பொறுப்பேற்ற காலத்துத் தாள்கள் அவை. பாட்டுகளை ஸ்வரப்படுத்தி எழுதிய நோட்டைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூஜை அறையில் வைக்கிற வீட்டிலேயே, ஃபைல் கட்டுகள் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகின்றன.

இப்படி இரண்டு வாழ்க்கை வாழ்ந்தவர்கள் நம்மிடம் நிறைய உண்டு. 1949-ல் சென்னையில் தொடங்கிய கர்நாடக சங்கீத மத்தியக் கல்லூரியின் முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். திருவனந்தபுரம் இசைக் கல்லூரியை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதருக்குப் பின் நடத்தியவர் செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர். அவர் சென்னை வானொலியிலும் பொறுப்பு வகித்தார். யாருக்கு மத்தியானக் கச்சேரி, யாருக்கு மாலை, எத்தனை மணி நேரம், என்ன சன்மானம், பாடத்திட்டத்தில் எந்தக் கிருதி என்பதெல்லாம் முடிவாவது மேஜையில்தான். பாட்டு எப்படி இருந்தது என்று சொல்ல ஒலிப்பதிவு இருக்கிறது. கச்சேரி ஏன் அப்படி அமைந்தது என்று சொல்ல ஃபைலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

டிசம்பர் கச்சேரி சீசன் ஃபைல் ஒன்று எப்படி இருக்கும் என்று பாருங்கள். மேலே டைப் அடித்த நிகழ்ச்சிப் பட்டியல். ஒரு மிருதங்க வித்வான் பெயர் பென்சிலால் அடிக்கப்பட்டு வேறு பெயர் எழுதியிருக்கும். அதன் பின்னால் குண்டூசி குத்திய இன்லண்ட் லெட்டர்: அன்றைக்குத் திருச்சி ரேடியோவில் வாசிக்க வேண்டும், தேதி மாற்ற முடியுமா என்று. அதற்கும் பின்னால் மெல்லிய தாளில் பதிலின் கார்பன் பிரதி. இந்த மூன்றும் அதே வரிசையில் இருந்தால்தான் கதை விளங்கும். நல்லெண்ணத்தோடு யாராவது கடிதங்களை எழுதியவர் பெயர்ப்படி பிரித்து அடுக்கி, பட்டியலை அச்சு நோட்டீஸ்களோடு சேர்த்துவிட்டால் காகிதம் பிழைக்கும், செய்தி செத்துப்போகும். கெடுப்பதில் கரையானுக்கு அடுத்த இடம் இந்தச் சுத்தப்படுத்தும் ஆசைக்குத்தான் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே முதல் வேலை துடைப்பதோ அடுக்குவதோ ஆகாது. ட்ரங்குப் பெட்டியோ பீரோத் தட்டோ, திறந்ததும் இருந்த நிலையில் படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் பென்சிலால் ஓர் எண் எழுதிய துண்டுச்சீட்டு செருகுங்கள். எந்த அறை, எந்தத் தட்டு, மேலிருந்து எத்தனையாவது கட்டு, ஃபைல் அட்டையில் அவர் கைப்பட என்ன எழுதியிருக்கிறார் என்பதைத் தனி நோட்டில் பதியுங்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பல சமயம் வருஷம் அதில் மட்டும்தான் இருக்கும்.

அடுத்து இரும்பு. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப், டேக்கின் உலோக முனை எல்லாம் சென்னைக் காற்றில் துருப்பிடித்துத் தாளைத் துளைத்துவிடும். ஸ்டேப்ளர் பின்னை இழுக்கக் கூடாது. தாளைக் கவிழ்த்து, அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்துக்கொண்டு, மடங்கிய இரண்டு கால்களையும் நிமிர்த்திய பிறகே எடுக்க வேண்டும். சேர்ந்திருந்த தாள்களை ஒரு மடித்த காகிதத்துக்குள் வைத்தால் போதும்; மறுபடி கிளிப் வேண்டாம். ஓர் உறையில் 30, 40 தாளுக்கு மேல் திணிக்காதீர்கள். உறையும் பெட்டியும் அமிலம் நீக்கிய காகிதத்தில் செய்தவையாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் பழுப்பு அட்டை ஃபைல் தன் அமிலத்தைத் தாளுக்கும் ஏற்றும்.

செய்யவே கூடாதது லேமினேஷன். சூட்டில் பசை உருகித் தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. உதிரும் தாள் என்றால் இரண்டு மெல்லிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே வைத்துத் தகடுகளின் ஓரத்தை மட்டும் ஒட்டலாம், அதுவும் தாளின் அமிலத்தை நீக்கிய பிறகு செய்தால் நல்லது. செல்லோடேப் சில வருஷங்களில் பழுத்து, பிளாஸ்டிக் உதிர்ந்து, பசைக் கறை மட்டும் எழுத்தின் மேல் நிற்கும். பளபளக்கும் பிவிசி உறையில் ஜெராக்ஸ் பிரதியை வைத்தால் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வரும். 1990-களின் ஃபேக்ஸ் தாள் தனி ரகம். வெப்பத்தில் எழுத்து உருவாகும் தாள் அது, தானாகவே வெளுத்துக்கொண்டிருக்கும். வெளிநாட்டுக் கச்சேரிப் பயணங்கள் பற்றிய கடிதங்கள் பெரும்பாலும் அதில்தான் வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் படியெடுங்கள்.

பாச்சை உருண்டை வாசனையில் தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஓடிவிடும் என்று நம்பிப் பெட்டி நிறையக் கொட்டுகிறார்கள். மனிதர் மூச்சுக்கு அது கெடுதல், பூச்சிக்குப் பெரிய தொந்தரவும் இல்லை. சுவடி நூலகங்களில் வழிவழியாக வைக்கும் வசம்புப் பொடி முடிச்சு மேல். தாளில் படாமல் மூலையில் வைக்கலாம். உண்மையான மருந்து உலர்ந்த காற்றும் அடிக்கடி திறந்து பார்ப்பதும். ஏசியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துகிற அலுவலக வழக்கம் ஏசியே இல்லாததைவிட மோசமாகிவிடலாம். குளிர்ந்த தாளின் மேல் ஈரக்காற்று பட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஆடாமல் நிற்பதுதான் கணக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது, தரைத்தளத்தில் எதுவும் வேண்டாம். மாடியிலும் கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கட்டும்.

இனி நோட்டுகள். சங்கீதக்காரரின் நோட்டை முன்பக்கத்திலிருந்து திறந்தால் கிருதியும் ஸ்வரமும், பின்பக்கத்திலிருந்து திறந்தால் பக்கவாத்தியக்காரருக்குக் கொடுத்த பணம், ரயில் நேரம், மாணவர் சம்பளக் கணக்கு. வீட்டார் பாட்டுப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முழு நோட்டையும், வெற்றுப் பக்கம், அட்டை உட்பட, வண்ணத்தில் 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மையால் எழுதிய ஸ்வரத்தின் மேல் பின்னாளில் பென்சிலால் போட்ட கமகக் குறியும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதற்கான குறி) திருத்தமும் மறைந்துவிடும். மொபைல் ஸ்கேனர் செயலிகள் பக்கத்தை ‘வெளுத்து’க் கொடுப்பதும் இதே நாசம்தான். ஓர் ஏ4 பக்கம் சுருக்காத டிஃப் கோப்பாகச் சுமார் 46 எம்பி வரும். 5,000 பக்கத்துக்கு 230 ஜிபி. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் இது பெரிய செலவில்லை. ஸ்கேன் ஆகிவிட்டது என்று மூலத்தைத் தூக்கிப் போடுவதுதான் பெருஞ்செலவு.

பழைய ஒலிநாடாச் சுருளான ஸ்பூல் டேப்பைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறோம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுருளின் ஊடே ஒளி தெரிவது அசிடேட் பிளாஸ்டிக்கில் செய்த டேப், தெரியாதது பாலியெஸ்டர் டேப். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். சில பாலியெஸ்டர் டேப்புகள் பிசுபிசுத்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பும்; அவற்றை இதற்கென்று பழகியவர் குறைந்த சூட்டில் பதப்படுத்தித்தான் ஓட்ட வேண்டும். அசிடேட்டை அப்படிச் சூடாக்கவே கூடாது. வீட்டில் கிடக்கும் பழைய டெக்கில் ‘சும்மா ஓட்டிப் பார்ப்பது’ வேண்டாம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஸ்டீரியோ டிஜிட்டல் கோப்பாக மாற்றினால் மணிக்கு 2 ஜிபி ஆகும். டேப் பெட்டி அட்டையில் எழுதியதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருடைய சொத்து என்ற கேள்வி கட்டாயம் வரும். சபாவின் கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட்ஸ் புத்தகமும் ரசீதுக் கட்டும் சபாவுக்கு உரியவை. வீட்டில் இருந்தால் திருப்பித் தர வேண்டும், படியெடுத்துக்கொண்ட பிறகு. அவருக்கு வந்த கடிதத்தின் தாள் வாரிசுக்கு உரியது, அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு. எழுதியவர் வாழ்நாளில் வெளிவராத கடிதம் என்றால், அது முதலில் வெளியானதிலிருந்து 60 ஆண்டு வரை அந்த உரிமை நீடிக்கும். நூலகத்துக்குக் கொடுக்கும்போது இதையும், நன்கொடையா, பாதுகாப்புக்கு மட்டுமா என்பதையும் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தொகுப்பு ஒரே பெயரில் ஒன்றாக இருக்குமா, புத்தகம் ஓர் அலமாரிக்கும் கடிதம் வேறோர் அலமாரிக்குமாகப் பிரியுமா என்று கேளுங்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகம் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் புத்தகங்களோடு நோட்டீஸும் அழைப்பிதழும் விடாமல் சேர்த்ததால் உருவானது. தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் வழிவந்த தியாகராஜ கீர்த்தனைச் சுவடிகளை மதுரை சௌராஷ்டிர சபை காத்து வந்திருக்கிறது. பெரிய கட்டடம் இருப்பதைவிடத் தொகுப்பைப் பிரிக்காத புத்தி முக்கியம்.

குடும்பங்கள் மிகவும் தயங்கும் இடம் ஒன்றுண்டு. இளம் கலைஞர்களின் தேர்வு மதிப்பெண், ‘சாரீரம் (குரல்வளம்) போதாது’ என்பது போன்ற குறிப்புகள், சிபாரிசுக் கடிதங்கள். சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் மேடையில் இருப்பார்கள். அதற்காக யாரும் கிழித்துப் போட வேண்டியதில்லை. அந்த உறைகளை மட்டும் தனியே முத்திரையிட்டு, இத்தனை ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். 30 ஆண்டு என்று வைத்தால் யாருக்கும் மனவருத்தம் வராது. பட்டியலில் ‘மூடிய உறை’ என்று மட்டும் பதிவு இருந்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பரணைக் கிளறாதீர்கள். ஈரக்காற்று பட்டால் ஒட்டிக் கிடக்கும் தாள் கிழிந்துவரும். சீசன் முடிந்து தை பிறந்த பிறகு, வெயில் ஏறிய ஒரு காலையில் தொடங்கலாம். வெயிலில் மட்டும் உலர்த்த வேண்டாம், நிழலில் மின்விசிறிக் காற்று போதும்.

இப்படிக்கு,
ஆவணப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
திருவான்மியூர், சென்னை - 41