மஞ்சள் வளையமும் தோலுள்ள வீனரும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஆஸ்கர் மேயர் பாக்கெட்டில் வீனர் தோலே இல்லாமல் வழவழவென்று இருக்கிறது, விலையும் குறைவு. உங்கள் வீனருக்கு மட்டும் ஏன் தோல்?" சிகாகோ பக்கம் குடிவந்த நம்மவர்கள் கல்லாவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வீனர் என்பது ஹாட்டாக் பன்னுக்குள் வைக்கும் மெல்லிய, புகையூட்டிய சாசேஜ். ஆஸ்கர் மேயர் வீனரும் ஒரு தெருமுனைக் கசாப்புக் கடையில் பிறந்ததுதான். அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஆஸ்கர் மேயர் 1859ல் ஜெர்மானிய வுர்ட்டெம்பர்க் நாட்டில் பிறந்தவர். 1873ல், பதினான்கு வயதில், கப்பலேறினார். டெட்ராய்ட்டில் கறிக்கடை வேலை, பிறகு சிகாகோவில் ஆர்மர் இறைச்சி நிறுவனத்தின் பாக்கிங் கூடம். தம்பி காட்ஃபிரீட் நியூரம்பர்க்கில் சாசேஜும் ஹாமும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை) போடக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தார். 1883ல் இருவரும் நகரின் வடபகுதியில், ஜெர்மானியர்கள் நெருங்கி வாழ்ந்த இடத்தில், வாடகைக் கடை பிடித்தார்கள். கணக்கு வழக்கு இன்னொரு சகோதரர் மாக்ஸிடம். 1888ல் வாடகை ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போகவே, பக்கத்திலேயே சொந்தக் கட்டடம் எழுந்தது.

சாசேஜ் வியாபாரத்தின் தொல்லை, உள்ளே போனது என்ன என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததுதான். ஆட்டுத் தொடையைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். அரைத்துக் குடலில் அடைத்த கறியை அப்படி வாங்க முடியுமா? மேயர் குடும்பம் செய்த பெரும்பாலான காரியங்களை இந்த ஒரு சந்தேகத்துக்குப் பதிலாகவே நாங்கள் பார்க்கிறோம். 1904ல் சரக்குக்கு வணிகப் பெயர் வைத்தார்கள். 1906ல் மத்திய அரசின் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்ததும், தாமாகவே முன்வந்து சேர்ந்தார்கள். 1924ல் பேக்கனை (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி) மெல்லியதாகச் சீவி உறையிட்டு விற்றார்கள். 1929ல் நான்கு வீனருக்கு ஒன்று என்று மஞ்சள் காகித வளையம் மாட்டி, அதில் தங்கள் பெயரையும் பரிசோதனை முத்திரையையும் அச்சிட்டார்கள். உதிரியாகக் கிடக்கும் சரக்கில் யாருடையது எது என்று தெரிய அதைவிட மலிவான வழி கிடையாது. 1919ல் விஸ்கான்சின் மாநிலத்தில் வாங்கிய மேடிசன் ஆலை பின்னாளில் தலைமையிடமே ஆனது. 1981ல் நிறுவனம் ஜெனரல் ஃபுட்ஸ் என்ற உணவு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அந்த மேடிசன் ஆலை 2017ல் மூடப்பட்டது.

இனி தோல். 1920களில் சிகாகோவிலேயே செல்லுலோஸ் (தாவர நார்) குழாய் புழக்கத்துக்கு வந்தது. கறியை அதில் அடைத்து வேகவைத்து, ஆறியதும் இயந்திரம் குழாயை உரித்துவிடும். எல்லா வீனரும் ஒரே பருமன், வேலையும் வேகம். நாங்கள் அடைப்பது 22 முதல் 24 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆட்டுக்குடலில். உப்பில் வரும் குடலை ஊறவைத்து, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, கறியை அடைக்கும் இயந்திரக் குழலில் கையால் ஏற்ற வேண்டும். நடுவில் கிழிந்தால் அந்த முழம் வீண். கூடுதல் விலை பெரும்பாலும் இந்தக் கைவேலைக்குத்தான். கடித்தால் 'டக்'கென்று உடைவதும் இதனால்தான்.

பத்துக் கிலோ கலவைக்குச் சுமார் ஆறரைக் கிலோ மெல்லிய மாட்டுக்கறி, இரண்டு கிலோ கொழுப்பு, ஒன்றரைக் கிலோ ஐஸ். உப்பு 180 கிராம். கறியையும் உப்பையும் பாதி ஐஸோடு பசை பிடிக்கும்வரை அரைத்த பிறகே கொழுப்பு சேரும். கலவையின் சூடு 12 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம். தாண்டினால் கொழுப்பு இளகிப் பிரியும். புகைக்கூண்டில் தோலுக்கடியில் நெய்க்கொப்புளம் கட்டும், கடித்தால் மணல்போல் நறநறக்கும். புகை போடுமுன் தோல் நன்றாகக் காயவில்லை என்றால் திட்டுத்திட்டாக நிறம் ஏறும். உள்சூடு 71 டிகிரி தொட்டதும் குளிர்ந்த நீர் தெளிக்கிறோம். தெளிக்காவிட்டால் தோல் சுருங்கிவிடும்.

சிவப்பு நிறம் சாயமில்லை. சோடியம் நைட்ரைட் 6.25 விழுக்காடு கலந்த உப்பு, கிலோ கறிக்கு 2.5 கிராம் சேர்க்கிறோம். கணக்குப் போட்டால் கறியில் பத்து லட்சத்தில் 156 பங்கு நைட்ரைட், அதுவே சட்ட வரம்பு. நிறத்தைவிட முக்கியம், பொட்டுலிசம் நச்சுக்கிருமியை அது தடுப்பது. இந்த நைட்ரைட் உப்புக்கும் இளஞ்சிவப்பு நிறம்தான் என்பதால், வீட்டில் சாசேஜ் போடுபவர்கள் இந்துப்போடு குழப்பிவிடக் கூடாது. இந்துப்பு இதன் வேலையைச் செய்யாது. நைட்ரைட் உப்பைச் சமையல் உப்பாக அள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. 'நைட்ரைட் சேர்க்காதது' என்று எழுதிய பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் செலரி என்ற கீரைத்தண்டின் பொடி இருக்கும். அதிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான்!

பன்றி சாப்பிடாதவர்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் குடல் எது என்று பாருங்கள். கறி ஒரு விலங்கு, குடல் வேறு விலங்கு என்றால் அதை லேபிளில் எழுதியே ஆக வேண்டும். எங்கள் மாட்டுக்கறி வீனரில் இருப்பது ஆட்டுக்குடல் மட்டும். ஆனால் அது ஹலால் முத்திரை பெற்றதல்ல.

சமைக்கும்போது தளதளவென்று கொதிக்கவிட்டால் தோல் வெடித்துச் சாறெல்லாம் தண்ணீரில் போகும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, வீனரைப் போட்டு மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். முள்கரண்டியால் குத்தாதீர்கள். முட்டைப் பொரியலிலோ வெங்காயத்தோடோ வதக்குவதென்றால் உப்பைக் கடைசியில், ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்காத பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் இரண்டு வாரமும் பிரித்ததை ஒரு வாரமும் வைத்திருக்கலாம். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். ஆகவே கர்ப்பிணிகள், முதியவர்கள் உள்ள வீடுகளில் ஏற்கனவே வெந்த வீனர்தானே என்று அப்படியே கொடுக்காமல், உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை சுடவைத்துக் கொடுங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் நடுவில் வெட்டிப் பாருங்கள், ஆவி பறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் இறைச்சிக் கடையினர்