மூணு சீட்டு மோசடிக் கும்பல் மீது வழக்குப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில்)

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: கோயில் கொடைத் திருவிழாக்களில் மூணு சீட்டு வைத்துப் பணம் பறிக்கும் கும்பல் மீது மோசடி வழக்குப் பதியக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த ரப்பர் மரங்களில் பால் வெட்டிப் பிழைப்பவன் நான். சித்திரை மாதம், பக்கத்து ஊர்க் கொடையன்று, ரப்பர் ஷீட்டு விற்ற 11,400 ரூபாயுடன் அந்த வழியாக வந்தேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கான பணம் அது.

வளையல் கடைகளுக்குப் பின்னால் ஒருவர் கவிழ்த்த மீன்பெட்டி மேல் துண்டு விரித்து மூன்று சீட்டு போட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு ராணி ஒன்று, கறுப்புச் சீட்டு இரண்டு. ராணியைக் காட்டினால் கட்டிய பணம் இரட்டிப்பு. நீலச் சட்டைக்காரர் ஒருவர் 500, 1,000 என்று ஜெயித்து வாங்கிக்கொண்டே இருந்தார். சீட்டு போடுகிறவர் பீடி பற்ற வைக்கத் திரும்பியபோது, அந்த நீலச் சட்டைக்காரர் ராணியின் மூலையை லேசாக மடக்கிவிட்டு, "அண்ணே, பாத்துக்கிடுங்க, அந்தச் சீட்டுதான்" என்று என் காதில் சொன்னார். மடங்கிய மூலை என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. கையிலிருந்த பணம் முழுவதையும் வைத்தேன். போதாது என்றார்கள். கூகுள் பேயில் இன்னும் 5,000 அனுப்பினேன். மடங்கிய சீட்டைத் திருப்பினால் கறுப்பு. உடனே யாரோ "போலீஸ் வருது" என்று கத்த, ஒரு நிமிடத்தில் பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். "நீயும்தானே ஆடினே, உன் மேலயும் கேஸ் போடவா?" என்று கேட்டார்கள். மனு ரசீதுகூடத் தரவில்லை. ஆசைப்பட்டது என் தவறு, அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று அங்கே நடந்தது சூதாட்டமே இல்லை என்பதைத்தான் ஐயாவிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எட்டு நாள் கழித்து வேறொரு ஊர்த் திருவிழாவில் அதே ஆட்களைக் கண்டேன். சட்டை மட்டும் வேறு. முன்பு நீலச் சட்டை போட்டிருந்தவர்தான் அன்றும் ஜெயித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று கவனித்தேன். சீட்டு போடுகிறவர் ஒரே கையில் மேலும் கீழுமாக இரண்டு சீட்டைப் பிடிக்கிறார். கீழே உள்ளதை விடுவது போல் காட்டி மேலே உள்ளதை விடுகிறார். மடக்கிய மூலையைப் போடும்போதே விரலால் நிமிர்த்தி, இன்னொரு சீட்டில் மடக்கிவிடுகிறார். வெளி ஆள் ராணியைத் தொட்டுவிட்டாலும் கூட்டாளி அதைவிடப் பெரிய தொகை கட்டி அந்த ஆட்டத்தையே பறித்துக்கொள்கிறார். சூதாட்டம் என்றால் ஜெயிக்கவும் ஒரு வழி வேண்டாமா? இதில் அது கிடையாது. என் கண்முன்னே ஒரு வயதான அம்மா முந்தியில் முடிந்திருந்த நோட்டுகளை அவிழ்த்துக் கொடுத்தார்கள். நான் "வேண்டாம்மா" என்று சொல்லப்போக, இரண்டு பேர் என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அதற்கு முன்பே கைபேசியில் எடுத்திருந்த நான்கு நிமிட வீடியோவைப் பென் டிரைவில் இணைத்துள்ளேன்.

சூதாட்டச் சட்டத்தில் அபராதம் கட்டினால் மறு வாரமே அடுத்த கொடையில் பெட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். ஆகவே தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவின்படி மோசடிக்கும், கும்பலாகச் சேர்ந்து ஏமாற்றுவதைக் குறிக்கும் 112-ஆம் பிரிவின்படியும் வழக்குப் பதிய வேண்டுகிறேன். இரண்டிலும் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. காவல் நிலையத்தில் புகாரை ஏற்காவிட்டால் தங்களுக்கு எழுதலாம் என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு சொல்வதால்தான் நேராக எழுதுகிறேன். என் 5,000 ரூபாய் போய்ச் சேர்ந்த கணக்கின் விவரம் வங்கி அறிக்கையில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பிடித்தாலே ஆட்கள் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம், ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சி வருகிறது. கூட்டம் சேரும் இடம்தான் இவர்களுக்குச் சந்தை. அதற்கு முன் இவர்களைப் பிடித்தாக வேண்டும், ஐயா.

எப்போது கூப்பிட்டாலும் வந்து அடையாளம் காட்டுகிறேன். காலை 11 மணிக்கு மேல் என்றால் பால் எடுத்து முடித்திருப்பேன். அதற்கு முன் என்றாலும் வேலையைப் போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்