கூகை எல்லா ஊரிலும் எலியா தின்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இரைகொல்லிப் பறவைகள் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கூகை என்ற ஆந்தைக்கு எலி, செம்பருந்துக்கு மீன், கரும்பருந்துக்குக் கோழிக்குஞ்சு என்று ஆளுக்கொரு பத்தியச் சாப்பாடு விதித்ததுபோல் எழுதியிருந்தது உறுத்தியது.

அப்படி ஒரே இரையைப் பிடித்துக்கொண்டிருப்பது விரால் அடிப்பான் என்ற பருந்து போன்ற பறவை. ஏரியோ கடலோ, அதற்கு மீன்தான் வேண்டும். மற்றவற்றில் பெரும்பாலானவை இருக்கிற இடத்துக்குத் தக்கபடி வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். மீன்பிடித் துறைமுகத்தில் கழிவு மீனைக் கொத்திப் போகும் அதே செம்பருந்து, வயல் பக்கம் வந்தால் நண்டும் தவளையும் தின்னும். மழை விட்டு ஈசல் கிளம்பினால் பறந்தபடியே காலால் பிடித்து வாயில் போட்டுக்கொள்ளும்.

நான் காவிரி டெல்டாக்காரன். அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கூகை இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடு உடையாமல் கிடைக்கும். பிள்ளைகளோடு இரண்டு இடத்தில் பொறுக்கினோம். வயலை ஒட்டிய பாழடைந்த களத்துக் கட்டடத்தில் கிடைத்தவை பெரும்பாலும் கரம்பை எலியும் சுண்டெலியும். கடைத்தெரு நடுவில் இருக்கும் கோபுரத்தடியில் பார்த்தால் மூஞ்சூறு, மூஞ்சூறு, மூஞ்சூறு! எலிக்கு உளிபோல மஞ்சள் முன்பல், அப்புறம் ஓர் இடைவெளி. மூஞ்சூறுக்கு இடைவெளியே இல்லாமல் ஊசிப் பல் வரிசை. ஏழாம் வகுப்புப் பிள்ளையே பிரித்து வைத்துவிடும். நாற்றம் தாங்காமல் பூனைகூடக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிற மூஞ்சூறைக் கூகை விழுங்குகிறதே என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எலியை அடக்க, கூகை வந்து உட்காரட்டும் என்று வயலில் கழி நடச் சொல்கிறார்கள். நானும் நட்டேன், பலன் உண்டு. ஆனால் பயிர் வளர்ந்து மூடிவிட்டால் உள்ளே ஓடும் எலியின் சத்தம் கூகையின் காதுக்கு எட்டினாலும் கால் எட்டாது. அப்போது அது வாய்க்கால் கரைக்கும் வைக்கோல் போருக்கும் போய்விடும். “கூகையாவது எலி பிடிப்பதாவது” என்று கழியைப் பிடுங்கி அடுப்பில் வைத்தவர்களை எனக்குத் தெரியும். வரப்போரம் மாற்றி நட்டிருந்தால் போதும்.

பக்கத்தில் கிடைப்பதைத் தின்னும் பறவைக்குப் பக்கத்தில் வைக்கிற விஷமும் போய்ச் சேரும். புரோமடியோலோன் என்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை எது? அந்த மருந்து, எலியைத் தின்ற பறவையின் ஈரலில் தங்கிவிடும். கழியையும் நட்டு, அதே வரப்பில் எலிக் கேக்கையும் வைப்பவர்களிடம் என்ன சொல்வது!

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் குடமுழுக்குக்கு முன், கூகை தங்கும் கோபுரப் புரைகளையெல்லாம் வலை அடித்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு என் வயல் கழியில் கரிச்சான் குருவிதான் உட்காருகிறது.

பிள்ளைகள் பிரித்தெடுத்த மண்டையோடுகள் இன்னும் இரண்டு ஊறுகாய் பாட்டிலில் என்னிடம் இருக்கின்றன, ஒன்றில் வயல், ஒன்றில் கடைத்தெரு. கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மயிலாடுதுறை மாவட்டம்